அடியேன் எழுதிய மென்பொருள்

1

இந்தக் கதை ஒரு வயிற்றெரிச்சலில் பிறந்தது. சின்ன காஞ்சிபுரத்து ரங்கநாத், பட்டுக்கரை டிசைனைத் தறி அட்டையில் துளைபோடும் கணக்காக மாற்றித்தரும் மென்பொருள் ஒன்றை எழுதி, 2003இல் அதை ஊருக்கே திறந்துவிட்டான். யாரும் ஓட்டலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், பிறருக்குத் தரலாம், விற்கவும் செய்யலாம். "இலவசம்னு சொல்லாதீங்கோ, சுதந்திரம்" என்று அவன் திருத்துவான்.

(முதலில் 'தறிச் சத்தத்தினூடே விடிந்த பட்டு நகரம்...' என்று ஆரம்பித்தேன். எனக்கே கொட்டாவி வந்தது.)

2

பிழைப்புக்கு அவன் போட்ட திட்டம் எளிது. மென்பொருளுக்குக் காசில்லை, கற்றுத்தர, பழுது பார்க்க வருடச் சந்தா. அதை நம்பிச் சென்னை வேலையை விட்டான். ஆசிரியையான மனைவி ஹேமாம்புஜத்தின் சம்பளத்தில் வீடு ஓடியது. தை பிறப்பதற்குள் ஒரு சந்தாவாவது தேறாவிட்டால் அவன் மட்டும் சென்னைக்குத் திரும்புவது என்று புருஷனும் பெண்டாட்டியும் பேசிவைத்திருந்தார்கள்.

அதே திட்டத்தை ஒரு சென்னைக் கம்பெனியும் போட்டது. அவன் மென்பொருளுக்குப் புதுப் பெயர் சூட்டி, டை கட்டிய ஆட்களோடு வந்து இறங்கியது.

[கம்பெனி முதலாளியின் கண்களில் ஒரு குரூரம்...] இல்லை. உரிமத்தில் சொன்னபடி மூலநிரலைக் குறுந்தகட்டில் கொடுத்தார்கள். எழுதியவர் யார் என்று நிரலில் இருந்த வரியையும் எடுக்கவில்லை. ஒரு தப்பும் செய்யாதவர்களை நான் எப்படி வில்லனாக்குவது?

3

மார்கழியில் ரங்கநாத்துக்கு மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை, ஐயம்பேட்டையில் நெசவாளர்களுக்குத் தறி அட்டை அடித்துத்தரும் குப்புசாமி.

"கம்பெனிக்காரங்களுக்கு வருசத்துக்கு எழுதிக் குடுத்துட்டேனே சாமி."

"அதை எழுதினதே நான்தான்."

"அப்டியா? உங்க பேரு எங்க இருக்குது, காட்டுங்க."

ரங்கநாத் நிரலைத் திறந்தான். எழுதியவர் என்ற இடத்தில் 'அடியேன்' என்றிருந்தது. வைணவர்களான அவர்கள் வீட்டில் பெரியவர்களுக்குக் கடிதம் எழுதினாலும் அப்படித்தான். ஊருக்குக் கொடுப்பதில் தன் பெயரைப் பொறித்துக்கொள்ள அவனுக்குக் கூச்சம்.

"உங்க தெருவுல எல்லாருமே அடியேன்தான சாமி?" குப்புசாமி கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே சந்தேகம்.

அந்த நேரம் பார்த்துத் தறிக்காரி பூவம்மாள் அட்டையோடு வந்தாள். "கரையில மயிலு கழுத்து ரெண்டு ரெண்டா விழுந்துக்கினே இருக்குதுண்ணா. தறிய நிறுத்திட்டேன்."

கம்பெனிக்குப் போன் போட்டார் குப்புசாமி. நாளைக்குத்தான் ஆள் வருமாம்.

4

முடிவு ஒன்று: "கம்பெனியையே கேளுங்கோ" என்று ரங்கநாத் எழுந்துபோகிறான். ஆசையாக எழுதினேன், அடித்துவிட்டேன். பிழை அவன் நிரலில் இருந்தது. பூவம்மாளின் தறி நிற்பதைப் பார்த்துக்கொண்டிருக்க அவனால் முடியாது.

முடிவு இரண்டு: குப்புசாமி மனம் மாறிச் சந்தாவை இவனுக்கே தருகிறார். உங்களுக்கு இனிக்கும். ஆனால் அவர் கையெழுத்துப் போட்டாயிற்று.

நடந்தது இதுதான். அவன் உட்கார்ந்து சரிசெய்தான். குப்புசாமி காபி வாங்கிக் கொடுத்து, "பெரிய மனசு சாமி" என்றார். திருத்தியதையும் வழக்கம்போல் எல்லோருக்கும் திறந்துவிட்டான். கம்பெனி அதையும் எடுத்துக்கொண்டது. எனக்கு அழுகை வந்தது.

வீட்டில் ஹேமாம்புஜம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பேரைப் போட்டுண்டா என்ன குறைஞ்சுடும்?" என்றாள். அவள் நாற்காலி போட்டு ஏறி, பரணிலிருந்து அவனுடைய சென்னைப் பெட்டியை இறக்கினாள். ஈரத்துணியால் துடைத்தாள்.

பிறகு அவன்...

எனக்கு எழுத வரவில்லை. அந்தப் பெட்டியைத் திரும்பப் பரணில் ஏற்ற உங்களில் யாருக்காவது வழி தெரிந்தால், இதற்கு மேல் நீங்கள் எழுதுங்கள்.