அழுத்திப் பிடித்த கட்டை

முந்நூறு வயதான ஆர்கன் என்கிற குழல் வாத்தியத்துக்குச் சுருதி சேர்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் குழல்களுக்கு நடுவே நுழைந்து ஒவ்வொன்றாகத் தட்டிச் சரிசெய்ய, இன்னொருவர் வெளியே உட்கார்ந்து அந்தக் குழல் ஒலிக்கக் கட்டையை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். லூனபுர்க் ஊர்த் தேவாலயத்தில் உள்ளே நுழைகிறவன் எக்கெர்ட். வெளியே பிடிக்கிறவள் அவன் மனைவி வீப்கெ. கல்யாணமானதிலிருந்து ஈஸ்டருக்கு முந்தைய வாரமெல்லாம் அவளுக்கு இப்படித்தான் தொலைகிறது.

இன்று அவள் மனதில் வேறு கணக்கு. பெட்டியை ரயில் நிலையத்தில் வைத்துவிட்டாள். மத்தியான ரயிலில் ப்ரேமன் நகருக்குப் போய்விட்டால் இந்த வாழ்க்கைக்கு ஒரு முழுக்கு. காலையில் வீட்டிலேயே சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை. இங்கே வந்ததும் எக்கெர்ட் வழக்கம்போல் வாசலைப் பூட்டிச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்துவிட்டான். வெளிச்சத்தம் வந்தால் சுருதி பிடிபடாதாம்.

"அடுத்தது!"

அழுத்தினாள். ஏதோ நினைவில் விரல் தளர்ந்தது.

"யாரு எடுக்கச் சொன்னா? இதென்ன பியானோவா, தொட்டுட்டு விடறதுக்கு?"

வாசல் கதவு தடதடத்தது. "யாராவது இருக்கீங்களா? ஆர்கனப் பாக்க வந்திருக்கோம்!"

"வாயத் திறக்காத," என்றான் எக்கெர்ட் உள்ளிருந்து. "தட்டி அலுத்துப் போயிருவாங்க."

உள்ளே வரத் தவிக்கிறார்கள், பைத்தியங்கள்! வீப்கெ பூட்டிய கதவைப் பார்த்தாள்.

"எக்கெர்ட், சாவியக் குடு. நான் போறேன்."

"காப்பிக்கா? முடிச்சிட்டுச் சேந்தே போலாம்."

"உன்ன விட்டுப் போறேன். ப்ரேமனுக்கு. திரும்ப வரமாட்டேன்."

சொல்லும்போதும் அவள் விரலை எடுக்கவில்லை. குழல் அது பாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்தது. உள்ளே தட்டுவது நின்றது.

"பெட்டியக் காணோம்னு காலையிலயே பாத்தேன்," என்றான் மெதுவாக. "ஞாயித்துக்கெழம ஊரே வந்து உக்காரும். பாதியில விட்டா இது ஊளையிடும், வீப்கெ. உன்ன மாதிரிப் பிடிக்க வேற ஆளு எனக்கு எங்க கெடைப்பாங்க?"

இத்தனை வருஷத்தில் அவன் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு. அதுவும் இன்றைக்குத்தானா வரவேண்டும்! ஆத்திரத்தில் அவளுக்குக் கண் கலங்கியது. போகாதே என்றுகூட அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

உள்ளே மறுபடி தட்டும் சத்தம் கேட்டது.

"அடுத்தது!"

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் விரல் பக்கத்துக் கட்டைக்குப் போய் அழுத்திவிட்டது. அந்த விரலை வெட்டிப் போடலாம் போலிருந்தது அவளுக்கு.