லுவீனியா டேட்டின் உயரம்

பருத்தி விலை விழுந்த வருடத்தில் லுவீனியா டேட் வளர ஆரம்பித்தாள். அப்போது அவளுக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. முதல்முறை வளர்ந்தது கட்டைவிரல் அகலம்தான். எங்கள் நாட்செஸ் ஊர்ப் படகுத்துறையில், மகள் கோரினின் கையைப் பிடித்தபடி அக்கரைப் படகுக்குக் காத்திருந்தாள். லுவீனியா நல்ல கறுப்பு. கோரினோ செத்துப்போன அப்பனைக் கொண்டு பிறந்தவள், வெள்ளைக்காரப் பிள்ளைகளோடு நிறுத்தினால் யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. குடை பிடித்த ஒரு சீமாட்டி குனிந்து, "கூட வந்திருக்கிறது யாரும்மா?" என்று கேட்டாள். "எங்க வீட்டு வேலைக்காரி" என்றாள் குழந்தை. அந்த நொடியில் லுவீனியாவின் பாவாடை கணுக்காலுக்கு மேலே ஏறிக்கொண்டது. வீட்டுக்கு வந்து பாவாடை மடிப்பைப் பிரித்துத் தைத்துக்கொண்டாள்.

கோரின் பெரியவளாகி, ரயிலில் வெள்ளையர் பெட்டியில் ஏறி செயின்ட் லூயிஸுக்குப் போய், ஒரு தொப்பிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். அதன்பிறகு அவள் அங்கே அம்மாவை மறைத்துப் பேசுவதெல்லாம் இங்கே லுவீனியாவின் உயரத்தில் தெரிந்தது. காலையில் வேலிக்கு மேல் லுவீனியாவின் தோள் தெரிந்தால், பக்கத்து வீட்டு ஓப்பல், "நேத்து ஒம்பொண்ணு வாயத் தொறந்திருக்கா போலிருக்கே" என்பாள். "தொறக்கட்டும். கூரைல ஓட்டை இருக்கான்னு பாக்க எனக்கு ஏணி மிச்சம்" என்பாள் லுவீனியா. அவள் வெள்ளைக்காரர் வீடுகளுக்குப் போய்த் துணி தேய்ப்பவள். கறுப்பர்களான எங்கள் ஆட்கள் நுழையும் கொல்லைக்கதவுகளில் அவள் தலை இடிக்கத் தொடங்கியது. பருத்தித் தரகர் மனைவி, குனிந்து வந்தால் என்ன என்று கேட்டாள். "குனிய மாட்டேம்மா. வாசக்கதவு உசரமாத்தான இருக்கு, அதத் தொறங்க." கதவு திறக்கவில்லை. லுவீனியாவும் போகவில்லை. ஆனால் அவளைப் போல் கஞ்சி போட எங்கள் ஊரில் ஆள் இல்லை. ஒரு மாதத்திற்குள் அந்த வீட்டுத் துணி வண்டியேறி அவள் முற்றத்துக்கே வந்தது. பிறகு மற்ற வீட்டுத் துணிகளும் வந்தன.

ஒரு ஏப்ரல் காலையில் அவள் ஒரே மூச்சில் கூரைக்கு மேல் போய்விட்டாள். முற்றத்து அடுப்பில் சோள ரொட்டி கருகிக்கொண்டிருந்தது. கீழே குனிந்து எடுக்கத் தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். "எதுக்குடி இவ்வளவு?" என்று ஓப்பல் அண்ணாந்து கேட்டாள்.

"கல்யாணம் பேசறா போல. அம்மா செத்துட்டான்னு சொல்லிருக்கா."

தேவாலயத்துப் பெண்கள் கூடாரத் துணியில் ஓர் அங்கி தைத்துக் கொடுத்தார்கள். அடுத்த வருடம், கோரினுக்குக் கல்யாணமான பிறகு, லுவீனியா மகளைப் பார்க்கக் கிளம்பினாள். ரயிலின் கறுப்பர் பெட்டியிலும் இடம் கொள்ளாது என்பதால், ஆற்றங்கரையைப் பிடித்து வடக்கே நடந்தாள். வழியில் துப்பாக்கியோடு வந்து மறித்தவர்கள் உண்டு. அவளை அண்ணாந்து பார்த்துவிட்டு, வேறு வேலை ஞாபகம் வந்தவர்களாகத் திரும்பிப் போனார்கள். செயின்ட் லூயிஸில் அவள் நின்றபோது கோரினின் மாடி ஜன்னல் அவள் முகத்துக்கு நேராக இருந்தது.

"ஏன் வந்தே?" என்றாள் கோரின். அவள் உதடு வெளுத்திருந்தது.

"உசுரோட இருக்கேன்னு காட்ட வந்தேன்."

"இங்க யாரும் என்ன ஓரமா நில்லுன்னு சொல்றதில்ல. நடுத்தெருவுல நடக்குறேன். அது தப்பா?"

"அதுல தப்பில்லடி. நீ நடக்கணும்னு என்னைச் சாகடிச்சியே, அதுதான் தப்பு."

பேச்சுச் சத்தம் கேட்டு அவள் கணவன் எர்னஸ்ட் வந்தான். நல்ல மனிதன்தான், தன் தெரு அனுமதிக்கும் அளவுக்கு. யார் இது என்று கேட்டான். "சின்ன வயசுல என்ன வளத்த ஆயா" என்றாள் கோரின். லுவீனியா அவன் கண்முன்னே ஒரு முழம் உயர்ந்தாள். இப்போது ஜன்னலில் அவள் கழுத்து மட்டும் தெரிந்தது. மேலேயிருந்து குரல் வந்தது: "இன்னொரு தடவ சொல்லு. ஆத்துக்கு அந்தாண்ட இல்லினாய் கரை இப்ப அரைகுறையாத்தான் தெரியுது."

எர்னஸ்ட் முட்டாள் இல்லை. "இந்தப் பொம்பளை உனக்கு ஒண்ணுமில்லைன்னு சொல்லு கோரின். நான் நம்பிக்கிறேன். இதோட முடிஞ்சுது" என்றான். தெருவில் கூட்டம் கூடியிருந்தது. கோரினின் வயிற்றில் ஐந்து மாதப் பிள்ளை. கோரின் ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சொல்றதுன்னா சொல்லு, கண்ணு" என்றாள் லுவீனியா. "எனக்கு ஒண்ணும் ஆகாது. நீ எத்தனை சொன்னாலும் நான் சின்னவளாக மாட்டேன்."

கோரின் ஜன்னல் சட்டத்திலிருந்து கையை எடுத்தாள். பிறகு, "அது எங்கம்மா" என்றாள். முதலில் முணுமுணுத்தாள். அப்புறம் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். எர்னஸ்ட் தொப்பியை எடுத்துக்கொண்டு வக்கீலைப் பார்க்கப் போனான். வெள்ளையன் கறுப்பு ரத்தம் உள்ளவளைக் கட்டினால் கல்யாணம் செல்லாது என்ற அந்த மாநிலச் சட்டம் அவன் பக்கம் இருந்தது. கோரின் படியிறங்கி வெறுங்காலோடு அம்மாவிடம் வந்தாள்.

அந்தச் சொல்லோடு லுவீனியா பழைய அளவுக்கு வந்துவிடுவாள் என்று எங்கள் ஊரில் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். கோரினும் அப்படித்தான் நினைத்தாள். போதகர் ஜெபம்கூட வைத்தார். "வளந்தது வளந்ததுதான். நீங்க வாசலை இடிச்சு உசரமாக் கட்டுங்க" என்றாள் லுவீனியா. கட்டினார்கள். கோரின் எங்கள் தெருவிலேயே தொப்பிக் கடை வைத்தாள். கடைக்கு வரும் வெள்ளைக்காரிகள் அவளைத் தங்கள் ஆள் என்று நினைத்துக் குழைந்து பேசினால், "எங்கம்மா வெளியில நிக்கிறாங்க, பாத்திருப்பீங்களே" என்பாள். சிலர் தொப்பி வாங்காமல் போனார்கள். நல்ல தொப்பி என்பதால் சிலர் திரும்பி வந்தார்கள். பிள்ளை பிறந்தது. பெண். கறுப்பு.

பிற்காலத்தில் நீராவிக் கப்பல் மாலுமிகள் நாட்செஸ் வளைவை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கும் முறையே மாறிவிட்டது. மூடுபனியில் வெள்ளைத் துணி உலர்த்தும் கை தெரிந்தால் அது கரை. "லுவீனியாவ இடப்பக்கம் விட்டுட்டுத் திருப்பு" என்பார்கள். புதிதாக வந்தவன் யார் லுவீனியா என்று கேட்டால், "கோரினோட அம்மா" என்று சொல்லிவிட்டு, சுக்கானைத் திருப்புவார்கள்.