காசு வாசம்

கடலின்மேல் ஆணை, அதில் விரற்கடை கனத்துக்கு மிதக்கும் மீன்கொழுப்பின்மேலும் ஆணை: இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

பெரு நாட்டுக் கரையில் சான் ரோமுவால்டோ என்றொரு ஊர். முன்னால் மீன் கொழிக்கும் குளிர்ந்த கடல், பின்னால் புல் முளைக்காத மணல், நடுவில் ஒன்பது மீன்மாவு ஆலைகள். ஆலை ஓடும் மாதங்களில் நாற்றம் எவ்வளவு கெட்டியென்றால், பெண்கள் கொடி கட்டாமல் அதன்மேலேயே துணி காயப்போடுவார்கள். கடற்பறவைகள் கொழுத்துப்போய் நடந்தே திரிந்தன. ரொட்டியைப் பிய்த்தால் நெத்திலி வாடை, முத்தத்திலும் அதே.

எலியோதோரோ சுங்காவுக்கு ஒரே கவலை, மகள் நெலிதாவை இந்தச் சாக்கடையிலிருந்து கரையேற்ற வேண்டும். மலைமேல் உருளைக்கிழங்கு பயிரிடும் பையன் ஒருவன் அவளை விரும்பினான். அவன் தாய் ஃபோர்துனாத்தா பெண் கேட்டு வருவதாகச் சொன்னதும், மீன்பிடித் தடைக்காலத்துக்குள் வந்துவிடும்படி எலியோதோரோ பிடிவாதமாக நாள் குறித்தார். அப்போது ஆலைகள் மூடியிருக்கும், மூச்சு விடலாம்.

வழியில் மலை சரிந்து பேருந்து நான்கு நாள் நின்றுபோனது. அதற்குள் தலைநகரத்து அதிகாரிகள் தடையை நீக்கிவிட்டார்கள். அம்மாள் இறங்கிய நிமிடம், ஒன்பது புகைபோக்கிகளும் ஒன்றாக ஏப்பம் விட்டன.

அவள் சால்வையால் மூக்கைப் பொத்தினாள். "எழவு! என்னய்யா நாத்தம் இது?"

"நாத்தமா? காசு வாசம், சம்பந்தியம்மா," என்றான் பக்கத்து வீட்டு அபுந்தியோ, அந்த ஊரார் எல்லோரையும்போல் பெருமையாக.

"யாரு காசு? இந்த வீட்டுக் கூரையில பாதியக் காணோமே."

"காசு கப்பல்ல போயிரும். வாசம் மட்டும் நமக்கு."

எலியோதோரோ அவன் காலை மிதித்தார். மிதித்து என்ன பயன்? வீட்டுக்குள் மேசையில் சோற்றுக்குப் பக்கத்தில் வெளிநாட்டு மீன் டப்பா இருந்தது.

"கடல வாசல்ல வச்சிக்கிட்டு டப்பா மீனா போடுறீங்க?"

"எங்க மீன அரைச்சு வெளிநாட்டுப் பன்னிக்குப் போடுறாங்கம்மா," என்றார் எலியோதோரோ. "பன்னிங்க கொழுகொழுன்னு இருக்காம்."

"இந்த ஊர்ப் புள்ளைங்க?"

ஜன்னலுக்கு வெளியே ஆலைக் குழாய் இரத்தத் தண்ணீரைக் கடலில் கக்கிக்கொண்டிருந்தது. அம்மாள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"பொண்ண இப்பவே கூட்டிட்டுப் போறேன். ஏழு தண்ணி ஊத்திக் கழுவிக்கிறேன். ஆனா நீங்க கல்யாணத்துக்கு வராதீங்கய்யா. எங்க ஊர்க் கோயிலு சின்னது, ஜன்னலும் ஒண்ணுதான்."

"அப்பா இல்லாம நான் எப்படி…" என்றாள் நெலிதா.

"போடி," என்றார் எலியோதோரோ. "இங்கயே கெடந்தா உன்னையும் அரைச்சுருவானுங்க."

பேருந்து மணலுக்குள் மறைந்தது. அவர் தம் உள்ளங்கையை முதன்முறையாக முகர்ந்து பார்த்தார். பிறகு சாலையோரம் குனிந்து, குடல் வெளியே வரும்வரை வாந்தியெடுத்தார்.

ஆணை கிடக்கட்டும்: எலியோதோரோ சுங்காவுக்கு மகளே கிடையாது, பிறந்த நான்கும் ஆண்பிள்ளைகள்.