அம்சாவின் ரத்தமும் செண்பகத்தின் ரத்தமும்

1986. விழுப்புரம் தொழுநோய் முகாமில் செண்பகத்தின் கையிலிருந்து ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தாள் ஆராய்ச்சி மாணவி ஜெயமதி. செண்பகத்தின் அக்கா அம்சாவின் ரத்தம் ஏற்கெனவே குழாயில் இருந்தது. இருவருக்கும் கிருமி ஒன்றுதான். அம்சாவுக்கு ஒரேயொரு தேமல். செண்பகத்துக்கோ காதுகள் தடித்து, விரல்கள் மரத்திருந்தன.

“ஒரே வூட்டு கேப்பைக் கூழுதான் குடிச்சோம். எனக்கு மட்டும் ஏம்மா இப்டி? போன ஜென்மத்துப் பாவமா?”

ஜெயமதிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. திண்டிவனத்தில் அவள் அம்மாவும் எதற்கெடுத்தாலும் வினை என்பாள், சமணக் குடும்பம்.

“பாவமும் இல்ல, ஒண்ணும் இல்ல. ரத்தத்துல டி செல்னு இருக்கு. கிருமியை அடையாளம் கண்டு அதுதான் எதிர்க்கணும். அக்காவோடது எதிர்க்குது, உங்களோடது சும்மா இருக்குது.”

டி செல்லின் மேல் இருந்து கிருமியை அடையாளம் காணும் ஏற்பி என்ற புரதத்தின் மரபணு விஞ்ஞானிகள் கைக்குக் கிடைத்தே இரண்டு வருஷம்தான் ஆகிறது. அதைப் படிக்கத்தான் இந்த ரத்தம்.

செண்பகம் ஊசி குத்திய இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டாள்.

“மாத்திரையை விடாம சாப்பிட்டா நோய் சரியாயிடும்” என்றாள் ஜெயமதி.

“நோவு சரியாயிடும்மா. பாவம்னு நெனச்சிக்கினு அமாவாசைக்கு அமாவாசை மேல்மலையனூரு போய்க்கினு இருந்தேன், அங்காளம்மா தீத்து வெப்பான்னு. ரத்தமே இப்டின்னு சொல்லிட்டீங்க. இனிமே நான் யார்கிட்ட போய் அழறது?”