மூவிரல் மரங்கொத்தி எந்தக் கண்டத்தது?

பட்டியலில் ஒரு மரங்கொத்தி மட்டும் மிச்சம். மெல்பேர்ன் அருங்காட்சியகம் ஒன்றின் இழுப்பறையில் பாடம் செய்யப்பட்டு மல்லாந்து கிடந்த அதற்கு எந்தப் பெயரை எழுதுவதென்று சிவனேஸ்வரிக்குத் தெரியவில்லை.

வடக்கின் குளிர்காடுகளில் வாழும் மூவிரல் மரங்கொத்தி அது. பெரும்பாலான மரங்கொத்திகளுக்கு நான்கு விரல், இதற்கு மூன்று. போன வருஷம், 2003இல், அதை இரண்டு இனமாகப் பிரித்துவிட்டார்கள்: ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் இருப்பது டிரைடாக்டைலஸ், அமெரிக்காவில் இருப்பது டோர்சாலிஸ். பிடித்த இடம் தெரிந்தால் பெயர் தெரியும். காலில் கட்டிய சீட்டிலோ 1891 அக்டோபர் 9 என்ற தேதிதான் இருந்தது, இடம் இல்லை. முதுகின் வெள்ளையை வைத்துச் சொல்லலாமென்றால் நூறு வருஷத்துப் புகை அதை மூடியிருந்தது.

மணி நான்கு பத்து. ஐந்துக்குள் பட்டியல் முடிந்தால் ஒப்பந்தம் நீளும். இல்லையென்றால் வேலையும் போகும், வேலையை நம்பியிருக்கும் விசாவும் போகும். நோபல் பார்க் வீட்டிலிருந்து கணவர் மூன்று தரம் போன் எடுத்துக் கேட்டுவிட்டார்.

"அக்கா, ஏதாவது ஒண்ண டைப் பண்ணுங்க. பறவையா வந்து கேஸ் போடப்போகுது?" என்றான் பாலகிருஷ்ணன். பதிவேட்டு மென்பொருளை எழுதிய மதுரைக்காரன்.

"பிழையாப் போட்டா, இல்லாத கண்டத்தில இருந்ததெண்டு எல்லாரும் நம்புவினம்."

"அப்ப காலியா விடுங்க."

"உம்மட கம்ப்யூட்டர் விடுதில்லையே! சிவப்பாக் கத்துது." அவள் விசைப்பலகையைத் தள்ளி வைத்தாள். "மரங்கொத்தி இழுப்பறை முழுக்கத் துழாவிப் போட்டன் தம்பி. இனிப் பெட்டி கட்டத்தான் வேணும்."

அவன் சீட்டை விளக்கடியில் பிடித்தான். "மூலையில நாப்பத்திரெண்டுன்னு இருக்கே?"

"பழைய பதிவு எண்."

சொன்னவள் நிமிர்ந்தாள். இங்கே பதிவு எண்களுக்கு முன்னால் எப்போதும் ஓர் எழுத்து இருக்கும். இது சேகரித்தவரே போட்ட வரிசை எண். அப்படியானால் 41ஆவது எங்கே?

இழுப்பறைகளில் பறவைகளை உறவுமுறைப்படி அடுக்குவார்கள். ஒரே காட்டில், ஒரே நாளில் பிடிபட்டவை பிரிந்து வேறு வேறு அலுமாரிக்குப் போய்விடும். அவள் தேடியதெல்லாம் மரங்கொத்திகளுக்குள்.

"தம்பி, பேரை விடும். தேதியைப் போட்டுத் தேடும்!"

திரையில் இரண்டு வரி வந்தது: 41, 43. இரண்டும் சைபீரிய ஜே என்ற பறவை. இருவரும் காக்கைக் குடும்பத்து அலுமாரிக்கு ஓடினார்கள். அந்தச் சீட்டுகளிலும் இடம் இல்லை; ஆனால் அதே கையெழுத்து, அதே மை.

நான்கு ஐம்பதுக்கு அவள் குறிப்பு எழுதினாள்: சேகரித்தவர் ஒருவரே, நாள் ஒன்றே, எண்கள் அடுத்தடுத்தவை. 41உம் 43உம் அமெரிக்காவில் வாழாத பறவை. ஆகவே இடையிலுள்ள 42 டிரைடாக்டைலஸ்.