கிளாராவின் கழுத்துத் துணி

தைராய்டு அறுவைசிகிச்சை முடிந்து இரண்டு மாத விடுப்புக்குப் பிறகு, ஜனவரி முதல் வாரத்தில் கிளாரா வேலைக்குத் திரும்பினாள். திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளியில் அவள் உடற்கல்வி ஆசிரியை. காலை ஆறரைக்கு மைதானத்தில் இருக்க வேண்டுமென்றால் வீடிருக்கும் செம்பட்டியிலிருந்து ஆறு மணிக்கு முன்பே ஸ்கூட்டரை எடுத்தாக வேண்டும். வழியெல்லாம் பனி. எதிர்க்காற்று கழுத்துத் தழும்பில் பட்டால் தொண்டைக்குள் ஊசி இறங்குவதுபோல் இருந்தது.

கம்பளி மப்ளர் சுற்றிப் பார்த்தாள். தழும்பு சிவந்து அரித்தது. கணக்கு டீச்சர் பாஸிலாதான் சொன்னாள்: "கம்பளி வேணாம் டீச்சர். பட்டு சுத்திப் பாருங்க. எங்கம்மாவுக்கு ஆபரேஷன் பண்ணப்ப அதுதான் ஒத்துக்கிச்சு. அரிக்காது, கதகதன்னும் இருக்கும்."

கிளாராவின் கணவர் பெலிக்ஸ் வேறொரு பள்ளியில் தலைமையாசிரியர். விழாக்களில் அவருக்குப் போர்த்திய பொன்னாடைகள் ஒரு பை நிறைய இருந்தன. அன்று மாலை ஒவ்வொன்றிலும் ஒரு நூலை உருவி, தீக்குச்சியில் காட்டினார்கள். பட்டென்றால் முடி கருகும் வாசம் வர வேண்டும். எல்லா நூலும் பிளாஸ்டிக் போல உருகிச் சுருண்டது.

"இம்புட்டு மரியாதையில ஒண்ணுகூடப் பட்டு இல்ல," என்று பெலிக்ஸ் சிரித்தார்.

"என் கல்யாணச் சேலை இருக்கு. ஆனா அதுல கை வைக்க மாட்டேன்."

மறுநாள் அவள் எழுந்தபோது, தையல் மெஷின் மேல் சந்தன நிறத்தில் ஒரு நீளத் துணி மடித்திருந்தது. கல்யாணத்தன்று அவர் தோளில் போட்டிருந்த பட்டுத் துண்டு. பாதியாக வெட்டி, அவரே ஓரம் அடித்திருந்தார். தையல் கோணல்மாணலாக ஓடியிருந்தது.

"ஏங்க வெட்டுனீங்க?"

"பீரோவுக்குள்ள குளிரா அடிக்குது? கட்டிக்கிட்டுக் கெளம்பு."

அன்று ஸ்கூட்டரில் போகும்போது விரல்கள் விறைத்தன, காது எரிந்தது. கழுத்து மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. பாதி வழியில்தான், வழக்கமாக வரும் வலி இன்று வரவில்லை என்பதே அவளுக்கு உறைத்தது.

மைதானத்தில் வெயில் ஏறியபோது துணிக்குள் வியர்த்தது. அவிழ்க்கத் தயங்கினாள். விடுப்பு முடிந்து வந்ததிலிருந்து தழும்பை ஒருத்தருக்கும் காட்டியதில்லை. குளிருக்காகக் கட்டியது எது, மறைக்கக் கட்டியது எது என்று அவளுக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. கடைசியில் அவிழ்த்துப் பைக்குள் வைத்தாள்.

பிள்ளைகள் பேச்சை நிறுத்திப் பார்த்தார்கள். எண்ணூறு மீட்டர் ஓடும் அறிவுச்செல்விதான் கேட்டாள்: "ரொம்ப வலிச்சுச்சா மிஸ்?"

"அறுத்தது தெரியல. வீட்டுக்கு வந்து உங்களத் திட்டிப் பழகலாம்னு வாயத் தெறந்தேன், சத்தமே வரல. அதுதான் வலிச்சுச்சு."

சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

"போதும், ஓடுங்க. நாலு சுத்து."

மூன்றாவது சுற்றில் அறிவுச்செல்வி பின்தங்கினாள். கிளாரா அவள் பெயரைச் சொல்லிக் கத்தினாள். குரல் உடைந்து, பாதிதான் வந்தது. அறிவுச்செல்வி திரும்பிப் பார்க்காமல் வேகத்தைக் கூட்டினாள்.