சட்டிச் சங்கையா

கிட்ட வாங்க என் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்க. ஒரு சாவு வீட்டுக் கதை சொல்கிறேன். சாவு என்றதும் முகம் வாட வேண்டாம். இதில் அழுகையைவிடப் பெருமைதான் கூட.

முனீஸ்வரி தன் அப்பாவின் முகத்தை அடையாளம் தெரியாமலே கடந்து போனாள். அப்பா போன தகவல் கேட்ட கையோடு, வாழ்க்கைப்பட்ட ஊரான மடவார் வளாகத்திலிருந்து கிளம்பி, ராஜபாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கித் தெருமுனை திரும்பும்போது, ஆள் உயரத்துக்கு மேலே ஒரு ஃப்ளெக்ஸ் நின்றது. தேக்கு ஊஞ்சலில், பட்டு வேட்டியும் ஜரிகைத் துண்டுமாக, மீசையை முறுக்கிக்கொண்டு ஒருவர். எந்த ஜமீனோ என்று நினைத்துக்கொண்டே நடந்தாள். வீட்டு வாசலில் அதே ஃப்ளெக்ஸ் இன்னொன்று நின்றது. அங்கேதான் மீசைக்கு மேலே இருந்த கண்களைப் பார்த்தாள். ‘கர்ஜித்த சிங்கம் கண்மூடியது. உயர்திரு சங்கையா அவர்கள்’ என்று எழுதியிருந்தது.

அப்பாவுக்கு மீசையே கிடையாது.

உள்ளே கண்ணாடிப் பெட்டிக்குள் அவர் மழித்த முகத்தோடு, ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டவர் மாதிரிப் படுத்திருந்தார். தலைமாட்டில் அம்மா அழகுத்தாய். அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுது ஓய்ந்த பிறகு முனீஸ்வரி தம்பியைத் தேடினாள். சுந்தரபாண்டியன் பந்தலில் நின்றான். தன் மகளை நிச்சயம் செய்திருக்கும் தேவதானம் ஊர்ச் சம்பந்தக்காரர்களுக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தான்.

அந்த ஊஞ்சலை எங்கே பார்த்தோம் என்பது அவளுக்கு அப்போதுதான் பிடிபட்டது. டிவியில் தினம் சாயங்காலம் வருகிற தொடரில்; அதில் வரும் பண்ணையார் படத்தில் அப்பாவின் முகத்தை ஒட்டி, மீசையும் வைத்திருந்தார்கள். ஐம்பது வருஷத்துக்கு முந்திய காலம் என்று காட்டுவார்கள். பண்ணையார் இருமினால் பெண்டுகள் தூணுக்குப் பின்னால் போய் நிற்பார்கள். அவர் சாப்பிட்டு எழுந்த இலையில்தான் பெண்டாட்டி சாப்பிடுவாள். தம்பி வீட்டில் எல்லாரும் அதைப் பார்த்து, அந்தக் காலத்து ஒழுங்கே தனி என்று மெச்சிக்கொள்வார்கள். அப்பாவும் அம்மாவும் ஒரே பாயில் உட்கார்ந்து பார்ப்பார்கள், சிரிப்பதற்கு.

“ஏட்டி அழகு, இவன் வீட்டுல உப்பு எங்கன இருக்குன்னு இவனுக்குத் தெரியுமா?” என்பார் அப்பா.

அதே காலத்தில்தானே நான் ஷிப்டுக்கு ஓடிக்கொண்டிருந்தேன், இவளுக எல்லாம் எந்த ஊர்ப் பொம்பளைகள் என்று அம்மா கேட்பாள்.

ஓடிக்கொண்டுதான் இருந்தாள். இரண்டு பேருக்கும் ஒரே பஞ்சு மில். அங்கே பெண்களுக்குப் பகல் வேலை மட்டும்தான். அதனால் அப்பா கேட்டு வாங்கி எப்போதும் நைட் ஷிப்டே பார்த்தார். விடிந்து வந்து பிள்ளைகளைக் குளிப்பாட்டுவார், முனீஸ்வரிக்கு ரெட்டைச் சடை பின்னிவிடுவார், குழம்பு வைப்பார். மீன் குழம்பைத் தூக்குவாளியில் ஊற்றினால் ருசி போய்விடும் என்று, மண்சட்டியோடு துணியில் கட்டி மில் கேட்டுக்குக் கொண்டு போவார். அந்தச் சட்டியில் கை நனைக்காத பெண் நூல் சுற்றும் பகுதியில் இல்லை. அப்புறம்தான் வீட்டுக்கு வந்து தூங்குவார். அப்படி ஒட்டிக்கொண்ட பேர்தான் சட்டிச் சங்கையா.

நம் பக்கத்தில் சாவுச் செய்தியில் பட்டப்பேரை விடமாட்டார்கள். ஒரே பேரில் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள்; பட்டப்பேர் இல்லாவிட்டால் போனது யாரென்றே தெரியாது. அதைத்தான் தம்பி விட்டிருந்தான். மைக் கட்டின ஆட்டோ தெருத்தெருவாகப் போய்ச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. அது சொன்னது யாரையோ.

முனீஸ்வரி அவனைத் தனியே கூப்பிட்டாள். “பட்டப்பேரை ஏம்ல விட்ட?”

“பள்ளிக்கூடத்துல என்னைச் சட்டி மகன்னுதான்க்கா கூப்பிட்டானுக. உனக்கென்ன, கட்டிக்கிட்டுப் போயிட்ட.” அவன் பந்தலைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான். “செத்த பொறவாவது அப்பா ஆம்பளையா இருந்துட்டுப் போகட்டும்.”

முனீஸ்வரி உள்ளே போய் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மத்தியானம் தாண்டியும் பந்தலில் பாதி நாற்காலி காலியாகவே கிடந்தது. வந்தவர்கள் அத்தனை பேரும் சொந்தக்காரர்கள். மில்லில் இருந்து ஒரு முகம் இல்லை. சாயங்காலம் எடுத்துவிடுவார்கள். அம்மா வாசலை வாசலைப் பார்த்தாள்.

பூ வாங்கத் தெருமுனைக்குப் போனவள், ஃப்ளெக்ஸுக்கு அடியில் பரிபூரணத்தைப் பார்த்தாள். அம்மாவோடு மில்லில் வேலை பார்த்தவள், தளவாய்புரத்துக்காரி. கையில் ஒரு பையோடு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தாள்.

“நல்லாருக்கியா தாயி? டாக்டர்கிட்ட வந்தேன், அப்படியே உங்கம்மாவப் பாப்போம்னு வந்தேன். தெருவுல ஏதோ பெரிய இடத்துச் சாவு போல. அவுக கூட்டத்துக்குள்ள நாம எதுக்குன்னு திரும்பிட்டேன். பரிபூரணம் வந்துட்டுப் போனான்னு உங்கப்பாகிட்டச் சொல்லு.”

முனீஸ்வரி கையைத் தூக்கி ஃப்ளெக்ஸைக் காட்டினாள். பரிபூரணம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள்.

“இது எங்க சட்டியண்ணன் இல்லையே.”

“இல்லதான் பெரியம்மா. ஆனா போனது அப்பாதான்.”

பையைத் தரையில் வைத்துவிட்டு, அந்த இடத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள் அவள். முனீஸ்வரிதான் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

பரிபூரணம் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததும் அழகுத்தாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். தெருமுனை வரைக்கும் வந்து ஆள் தெரியாமல் திரும்பிப் போகப் பார்த்த விஷயத்தை முனீஸ்வரி சொன்னாள். பட்டப்பேரைத் தம்பி விட்டதையும், ஏன் விட்டான் என்பதையும் மறைக்காமல் சொன்னாள். கதவோரம் நின்ற சுந்தரபாண்டியன் தலையைக் குனிந்துகொண்டான்.

அழகுத்தாய் குரலை உயர்த்தவில்லை.

“ஏலே, அந்தப் பேரை வச்சது யாருன்னு நினைச்ச?”

“கேட்டுல நின்ன பயலுக கேலியா வச்சதுதானம்மா.”

“நான்லா வச்சேன். ‘சட்டி வந்துட்டு, வாங்கட்டி’ன்னு நான்தான் மொதல்ல கூப்பிட்டேன். கூப்பிடும்போது எனக்கு எம்புட்டுப் பெருமையா இருக்கும் தெரியுமா? அங்கன உக்காந்து தின்ன அம்புட்டுப் பேருக்கும் புருசன் இருந்தான். இப்படி ஒரு ஆம்பளை எனக்கு மட்டும்தான்ல வந்தாரு.”

பரிபூரணம், “அதுல எங்களுக்கெல்லாம் வயித்தெரிச்சல்தான்” என்றாள்.

சுந்தரபாண்டியன் வெளியே போனான். அடுத்த சுற்றுக்குக் கிளம்பிய ஆட்டோவை நிறுத்தி, டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, மைக்கைத் தானே வாங்கினான். முதலில் வெறும் மூச்சுதான் கேட்டது.

“பஞ்சு மில்லுல வேலை பார்த்த… சட்டிச் சங்கையா, எங்கப்பா, இன்னைக்குக் காலையில தவறிட்டாங்க.”

ஆட்டோ தெருவைத் தாண்டி, கடைத்தெருவைத் தாண்டிப் போகப் போக, அந்தப் பேரை அவன் நிறுத்தி நிறுத்தித் தெளிவாகச் சொல்லிக்கொண்டு போனான். வீட்டுக்குள் இருந்தவர்களுக்கும் கேட்டது.

பிறகு வந்தார்கள். மகன் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தவர்கள், முட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தவர்கள், கேள்விப்பட்டு அடுத்த பஸ்ஸில் தளவாய்புரத்திலிருந்து வந்தவர்கள். பாதிக்கு மேல் பெண்கள். யாரும் ஓரமாக ஒதுங்கி நிற்கவில்லை. நேராகப் பெட்டிக்குப் போய், கண்ணாடியில் கையை வைத்து அவரோடு பேசினார்கள். ஒருத்தி, புளி ஒரு நாள் கூடிப்போனதற்குத் தான் சண்டை போட்டதைச் சொல்லி அழுதாள். இன்னொருத்தி அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். எடுக்க வேண்டிய நேரம் கடந்தும், இன்னும் ஆள் வந்துகொண்டிருக்கிறது, பொறுங்கள் என்று சுந்தரபாண்டியனே சொன்னான். நாற்காலி பற்றவில்லை.

தேவதானத்துப் பெரியவர் அவனை அருகில் அழைத்து, இவுக எல்லாம் யாரு என்று கேட்டார்.

“எங்கம்மாகூட வேலை பார்த்தவுக, மாமா. எங்கப்பா ஆக்கிப்போட்டுச் சாப்பிட்டவுக.”

பெரியவர் அந்தக் கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து, எதிரே கால் வலியோடு நின்ற ஒரு கிழவியின் பக்கம் தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டார்.

கேட்டுக்கொண்டிருந்த என் மக்களே, உங்கள் வீட்டில் ஆணும் பெண்ணும் ஒருத்தருக்கொருத்தர் கை கொடுத்து, ஊர் வாயில் நல்லபடியாக விளங்கி, நூறு வருஷம் நிறைந்திருக்க வேண்டும். போய் வாங்க தாயி, போய் வாங்க ராசா.